இஸ்மேனியா ஆள் கேட்ட ஞாயிறு

எங்கள் லோ வெனேகாஸ் ஊரில் யாரைக் கேட்டாலும் இஸ்மேனியா பெர்ரியோஸைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவளைப் போல் உழைக்க ஆளில்லை. இன்னொன்று, உயிரே போனாலும் அடுத்தவரிடம் உதவி என்று வாய் திறக்கமாட்டாள். முதலாவதைச் சொல்லும்போது தலையை ஆட்டுவார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் அவளுடைய திராட்சையை லாரியில் ஏற்றிப் போகிறவன், இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன். எனக்கு அவள் மேல் பெரிய மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, நொல்பெர்த்தோ ஒருதலையாகப் பேசுகிறான் என்று நொட்டை சொல்ல வேண்டாம்.

ஒரு குளிர்காலத்தில் அவளுடைய பழைய பிக்கப் வண்டி ஆற்றோரப் பாதையில் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து கிடந்தது. இவள் மண்வெட்டியும் கையுமாக, முட்டி வரை சேறு. நான் லாரியை நிறுத்தி, அம்மா என்கிற மாதிரி எங்கள் ஊர் மரியாதைக்கு 'தோன்யா' போட்டே கேட்டேன்.

"என்ன தோன்யா இஸ்மேனியா, மாட்டிக்கிச்சா?"

"இல்லையே. நிறுத்தி வச்சிருக்கேன்."

"சேத்துக்குள்ளயா?"

"எனக்கு எங்க தோணுதோ அங்க நிறுத்துவேன். உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ, நொல்பே."

போனேன். சாயங்காலம் திரும்பி வரும்போது வண்டி மேட்டில் நின்றது. தனி ஆளாகப் பலகைகளைக் கொடுத்து ஏற்றியிருக்கிறாள். இந்த மாதிரிப் பிறவியை என்ன செய்வது? திட்டவும் முடியாது, பாராட்டினால் அதற்கும் முறைப்பாள்.

கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு குன்று அவளுக்கும் அவள் தம்பி அப்தோனுக்கும் பொதுவில் வந்தது. அப்பன் சொய்லோ இருந்தவரை அதில் மைசூர் பருப்பும் பட்டாணியும் போட்டார். அவர் போனபின், தம்பி சான் அந்தோனியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட்டான். இவள் குன்றில் திராட்சை வைக்கப்போகிறேன் என்று கிளம்பினாள். அப்போது எங்கள் பக்கம் திராட்சை வைத்தவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். திராட்சை என்றால் உள்நாட்டில், வெயில் மண்டையைப் பிளக்கிற இடத்தில் வைப்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இங்கே கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போனால் தும்மல்தான். காலையில் கடல் அனுப்பும் மூடுபனி மத்தியானம் வரை குன்றின் மேல் குந்தியிருக்கும்.

"அந்தக் குன்றுல விளையறத குடிக்க முடியாது. சாலட்டுல வேணா ஊத்திக்கலாம்" என்றார் தோன் பெலார்மினோ. ஊரில் ஆடு மாடு அதிகம் வைத்திருந்தவர், வாயும் அதே அளவுக்கு வைத்திருந்தவர்.

இஸ்மேனியா பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சைக் கன்றுகளை வாங்கி வந்து நட்டாள். முதல் வருடம் முயல்கள் துளிரை மேய்ந்தன. பால் அட்டைப்பெட்டிகளை ஊரெல்லாம் பொறுக்கி, அடியை வெட்டி, ஒவ்வொரு கன்றுக்கும் சட்டை மாட்டினாள். அடுத்த வருடம் கடற்காற்று கொடிகளைக் கம்பியிலிருந்து பிய்த்துப் போட்டது. எல்லாவற்றையும் திரும்பக் கட்டினாள். அவள் கையைப் பார்த்தால் தெரியும், கம்பி கிழித்த கோடுகள் ரேகையை விட அதிகம். கடைசியில் காய் பிடித்தபோது, பழம் சின்னது, தோல் மெல்லியது, கொத்து இறுகினது. பழுப்பதற்கோ அவசரமே கிடையாது. அந்த நிதானம்தான் விசேஷம் என்று மது ஆலையில் சொன்னார்கள். குளிரில் மெதுவாகப் பழுத்தால் புளிப்பும் மணமும் பழத்தை விட்டு ஓடாதாம். நான் லாரிக்காரன், எனக்கு அந்த நுணுக்கம் தெரியாது. ஆனால் அவள் பழத்தை ஏற்றிய நாளில் லாரியின் முன்பக்கம் வரை செர்ரி வாசனை வரும். அது பொய்யில்லை.

அவளுடைய இன்னொரு போர் குதிரை மேல் நடந்தது. ஈஸ்டர் எங்கள் பக்கம் இலையுதிர் காலத்தில் வரும், அதற்கு அடுத்த ஞாயிறு எங்களுக்குக் குவாசிமோதோ என்ற திருநாள். அன்றைக்குச் சாமியார் வண்டியில் ஏறி, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வீடு வீடாக நன்மை, அதாவது ஆண்டவரின் திருவப்பம், கொண்டு போவார். ஊர் ஆண்கள் குதிரையில் கூடப் போவார்கள். ஆண்டவர் முன்னால் தொப்பி ஆகாது என்று தலையில் வெள்ளைத் துணி, தோளில் பொன் கரை வைத்த வெள்ளைச் சால்வை. வரிசைக்கு முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டே போவார். மணி எங்கே போகிறதோ அங்கே ஊர் போகும். கட்சிக்காரன், கடன்காரன், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி எல்லாரும் அன்றைக்கு ஒரே வரிசை.

பெண்களுக்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை. குதிரைக்காரர் சபைக்குத் தலைவராக இருந்த பெலார்மினோவே அதற்குக் காவல். "பொம்பளைக்கு வீட்டுல அடுப்பு அழைக்கும், வயல்ல பயிர் அழைக்கும். பாதி வழியில ஆண்டவர விட்டுட்டுத் திரும்பிடுவா" என்பார். இஸ்மேனியா அவரிடம் போய்க் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு குவாசிமோதோ அன்று தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வரிசைக்குப் பின்னால் தள்ளித் தனியாகக் குதிரையில் வந்தாள். அடுத்த வருடமும் வந்தாள், அதற்கடுத்த வருடமும். முன்னால் போகும் அத்தனை குதிரையின் புழுதியையும் தின்றுகொண்டு வந்தாள். புதிதாக வந்த அன்செல்மோ சாமியார்தான் ஒரு வருடம் வண்டியை நிறுத்தி, "அந்த அம்மா தின்ன புழுதி போதும், உள்ள வரச் சொல்லுங்க" என்றார். பிறகு மணிக்கார சந்தாலியோவுக்குத் தோள்பட்டை போனபோது, மணி அவள் கைக்கே வந்தது. பெலார்மினோ கொடுத்தார். கொடுக்கும்போது, "கீழ போட்டுறாத" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன் இரண்டு அறுவடை கையை விட்டுப் போயிருந்தது. ஒன்றில் வசந்தகால உறைபனி துளிரைக் கருக்கிவிட்டது. மற்றொன்றில் மழை முந்திக்கொண்டு பழம் கொத்தோடு அழுகியது. அப்தோன் வந்து அக்காவிடம் பேசினான். அவன் கெட்டவன் இல்லை. முதுகு போய்விட்டது, கிரேனில் உட்கார முடியவில்லை. தலைநகர் சாந்தியாகோ ஆட்களுக்கு வாரக்கடைசி வீடு கட்ட, குன்றைத் துண்டு போட்டு விற்க ஒரு பிளாட்காரன் அவன் பின்னாலேயே அலைந்தான். அக்காவும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த அறுவடை நல்லபடியாக ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் குன்று இருக்கும். ஆலையும் குன்றின் பெயரிலேயே தனி மது போடுவதாகச் சொல்லியிருந்தது. இதுவும் போனால் விற்றுவிடுவது. இஸ்மேனியா சரி என்றாள்.

அது குளிர் அதிகமான வருடம், பழம் ரொம்பவும் தாமதித்தது. ஆலையில் மது செய்கிற மரித்சா வந்து ருசி பார்த்துப் பார்த்து, கடைசியில் திங்கட்கிழமை பறிக்கலாம் என்று நாள் குறித்தாள். முந்தின நாள் ஞாயிறு குவாசிமோதோ என்பதால் யாரும் வேறு நாள் பேசவும் இல்லை. ஆள், பெட்டி, என் லாரி எல்லாம் திங்களுக்குத் தயார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர் முழுக்க நோயாளிகள் வீட்டு வாசலில் பனையோலை வளைவு கட்டிக்கொண்டிருந்தது. இஸ்மேனியா முற்றத்தில் சால்வைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் குதிரைகளுக்கான வைக்கோலை ஏற்ற வந்திருந்தேன். மரித்சா காரிலிருந்து இறங்கும்போதே முகம் சரியில்லை.

"தோன்யா, மழை முன்னால வந்துருச்சு. திங்கள் ராத்திரின்னு சொன்னாங்கள்ல? இப்ப நாளைக்குச் சாயங்காலம்னு காட்டுது. ரெண்டு நாள் விடாதாம்."

இஸ்திரிப்பெட்டி ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் நகர்ந்தது.

"நாளைக்குக் காலையிலேயே பறிச்சிடுங்க" என்றாள் மரித்சா.

"நாளைக்குக் குவாசிமோதோ."

"தெரியும். ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்களேன். ஒரு வருஷம்தானே."

"கேக்க மாட்டேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "நீங்களாவது போய்ப் பறிங்க, தோன்யா. மணிய ஒரு நாளைக்குச் சந்தாலியோ பிடிச்சுக்கிட்டா உலகம் முடிஞ்சிடாது. நானும் வர்றேன், ஆனமட்டும் பறிப்போம்."

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"படுக்கையில கிடக்குறவங்க இந்த ஒரு நாளுக்காக வருஷம் பூரா காத்திருக்காங்க. அது ஒண்ணு. இந்த வருஷம் ரெண்டு பொண்ணுங்க புதுசா வரிசைல வருது, தெரியும்ல? என் பயிருன்னு வந்ததும் நான் மணியக் கீழ வச்சேன்னா, பெலார்மினோ சொன்னது சரியாப் போயிரும். அப்புறம் அந்தப் பொண்ணுங்களுக்கு எவன் இடம் குடுப்பான்?"

"குன்று போயிருமேடி" என்றேன். வயதும் மரியாதையும் மறந்து வாயில் வந்துவிட்டது.

"போகட்டும்" என்றாள். இஸ்திரிப்பெட்டியை மறுபடி எடுத்து, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

ஞாயிறு காலை மூடுபனியே இல்லை. எங்கள் ஊரில் வானம் காலையிலேயே பளிச்சென்று இருந்தால் யாரும் சந்தோஷப்படமாட்டார்கள். கடலுக்கு மேலே கறுப்பாக ஒரு பட்டை கிடந்தது. பூசை முடிந்து மணி அடித்தது, வரிசை கிளம்பியது. என்னைச் சுமக்க எந்தக் குதிரைக்கும் விருப்பமில்லாததால் நான் எப்போதும் போல லாரியில், தண்ணீரும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு கடைசியில் போனேன்.

அன்றைக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்த முதுகு, ஒரே சீரான மணி. "கிறிஸ்து ராஜா வாழ்க" என்று சாமியார் சொன்னால் முதல் பதில் குரல் அவளுடையது. ஒவ்வொரு வீட்டிலும் சாமியார் உள்ளே போய் வரும்வரை இறங்கி நின்றாள். வாதம் வந்து ஒரு கை விழுந்த கிழவி ஒருத்தி இஸ்மேனியாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பேரன் கதையெல்லாம் சொன்னாள். இவள் ஒரு தடவை கூடக் கடல் பக்கம் திரும்பாமல், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு லாரிக்குள் இருப்புக் கொள்ளவில்லை. குன்று எந்தத் திருப்பத்திலிருந்தும் தெரிந்தது. இலைகள் சிவக்க ஆரம்பித்திருந்தன. அப்தோனும் துறைமுகத்திலிருந்து வந்து வரிசையில் சேர்ந்திருந்தான், அவன் தவறாமல் வருகிறவன். குன்றைப் பார்ப்பான், அக்காவின் முதுகைப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொள்வான். குதிரைக்காரர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒருத்தனும் பறிக்க வருகிறேன் என்று சொல்லவில்லை. தடிப்பயல்கள் என்று மனசுக்குள் திட்டினேன்.

கடைசி வீடு பெலார்மினோவுடையது. இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. சாமியார் நன்மை கொடுத்து முடித்ததும், கிழவர் மணிக்காரியைக் கூப்பிடச் சொன்னார். நான் தண்ணீர் வாளியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"பறிச்சிட்டியா?"

"இல்ல."

"ஆளு?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"நாளைக்கு வந்து சேத்த அள்ளிக்கிட்டுப் போகவா?"

"அது என் பாடு, தோன் பெலார்மினோ."

"உன் பாடுதான். எனக்கென்ன. என் மகன்கிட்ட ஒரு ஆட்டுக்குட்டி பந்தயம் கட்டியிருக்கேன். குன்றே கடலுக்குள்ள போனாலும் இவ வாயத் திறந்து ஆள் கேக்கமாட்டான்னு. மகன் என்னமோ கேப்பாங்குறான். பைத்தியக்காரன்." கிழவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். "மணி நல்லாத்தான் அடிக்கிற. வாய்தான் ஊமை. போ, போ. எனக்கு ஆட்டுக்கறி தின்னு நாளாச்சு."

இஸ்மேனியா வெளியே வந்தபோது காது வரை சிவந்திருந்தது. குதிரையில் ஏறினாள். மணியை அடித்தாள். கோயிலுக்குத் திரும்புகிறோம் என்று எல்லோரும் கடிவாளத்தைப் பிடித்தார்கள். அவள் நகரவில்லை. மறுபடி அடித்தாள். வரிசை அவளையே பார்த்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். சேற்றில் புதைந்த வண்டியைத் தனியாகத் தூக்கியவளுக்கு நாலு வார்த்தை தூக்க முடியவில்லை. பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"எனக்கு..." என்றாள். அப்புறம் மணியைப் பார்த்துக்கொண்டு, மணியிடம் சொல்வது போலச் சொன்னாள். "எனக்கு இன்னைக்கு ஆள் வேணும். என்னால தனியா முடியாது. வர முடிஞ்சவங்க வாங்க."

முன்னாள் மணிக்காரர் சந்தாலியோ, சேணத்தில் தொங்கிய தோல் பைக்குள் கையை விட்டு, கொத்து வெட்டும் கத்தரியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எடுத்தார். அந்தப் புதுப் பெண்கள் இரண்டு பேரும் எடுத்தார்கள். அப்படியே வரிசையின் கடைசி வரைக்கும் கத்தரி, கத்தரி, கத்தரி. பொன் கரைச் சால்வை போட்ட அத்தனை பேரும் காலையிலிருந்து கத்தரியோடுதான் குதிரை ஓட்டியிருக்கிறார்கள்.

"எவ்வளவு நேரம்டி காக்க வைப்ப?" என்றார் சந்தாலியோ. "என் தொடையில குத்திக்கிட்டே வந்துச்சு இந்தச் சனியன்."

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் இஸ்மேனியா.

"சொன்னா என்ன சொல்லியிருப்ப? 'இல்லையே, நான் மழையிலதான் பறிக்கப்போறேன்'னு சொல்லியிருப்ப."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை. என் வாய் ஓட்டை வாய் என்று ஊருக்கே தெரியும். காலையிலிருந்து நான் திட்டிய திட்டுகளை எல்லாம் அப்படியே விழுங்கினேன்.

"முதல்ல ஆண்டவரக் கோயில்ல கொண்டுபோய் விடுவோம்" என்றார் அன்செல்மோ சாமியார், வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து. "இன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் போனா அவர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்."

கோயில் முற்றத்தில் ஊர் விருந்துக்கு வைத்திருந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட எம்பனாதாக்கள் என் லாரியில் ஏறின. குன்றின் அடிவாரத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். திராட்சைக் கொடி வரிசையாக நிற்கும் பந்தி ஒவ்வொன்றின் முனைக் கம்பத்திலும் ஒரு வெள்ளைச் சால்வை தொங்கியது. தலைத்துணியை யாரும் அவிழ்க்கவில்லை, நேரமில்லை. எங்கள் ஊரில் ஊர் கூடித் தேர் இழுக்கிற வழக்கமில்லை, ஆனால் அன்றைக்கு நடந்ததற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் வாழ்நாளில் மாட்டைத் தவிர வேறு எதையும் தொடாதவர்கள், கொத்தோடு இலையையும் சேர்த்து வெட்டினார்கள். இஸ்மேனியா பந்திக்குப் பந்தி ஓடினாள்.

"கோழி பிடிக்கிறாப்புல பிடிக்காதீங்க, தோல் கிழியும். பச்சையப் பெட்டில போடாதீங்க. சந்தாலியோ, திங்கிறத நிறுத்துங்க."

கேட்கத் தயங்கியவள்தான், அதட்டத் தயங்கவில்லை. அப்தோன் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அவளுக்கு எதிர்ப் பந்தியில் பறித்தான். கொடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள்.

"அக்கா, இந்தக் கொத்துல அடியில லேசா பூசணம். எடுக்கவா, விடவா?"

"அந்தப் பழத்த மட்டும் கிள்ளிட்டு எடு. அப்பா பட்டாணி பொறுக்குவாரே, அந்த மாதிரி."

"ம்."

மேகம் குன்றின் உச்சியைத் தொட்டபோது கீழ்ப்பக்கம் சில பந்திகள் மிச்சம் இருந்தன. தூறல் விழுந்ததும் இஸ்மேனியா நிறுத்தச் சொன்னாள். அதைப் பறவைகளுக்கு விட்டோம். பெட்டிகளுக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, நான் என் வாழ்க்கையில் ஓட்டாத பொறுப்போடு ஆலைக்கு ஓட்டினேன். மரித்சா கொட்டகையில் காத்திருந்தாள். ஒரு கொத்தைத் தூக்கி முகர்ந்தாள், திருப்பிப் பார்த்தாள், ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு விதையைக் கடித்தாள்.

"இலை ஏன் இவ்வளவு கிடக்கு? யார் பறிச்சது?"

"குவாசிமோதோ பறிச்சது" என்றேன்.

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம், "பழம் ரொம்ப நல்லா இருக்கு. இறக்குங்க" என்றாள். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு மழையில் திரும்பினேன். லாரிக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன் என்றால் நம்புங்கள்.

குன்றின் கொட்டகையில் பாதிப் பேர் இன்னும் போகவில்லை. மழை பெய்தால் எங்கள் ஊரில் பூசணிக்காயை மாவோடு பிசைந்து சோபாய்ப்பியா பொரித்தாக வேண்டும், பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்குட்டி தோற்ற செய்தி பெலார்மினோவுக்குப் போயிருந்தது. தோற்றவர் படுக்கையில் கிடந்து விசிலடித்தாராம். நான் மரித்சா சொன்னதைச் சொன்னேன். எல்லோரும் இஸ்மேனியாவைப் பார்த்தார்கள். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

அப்தோன் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, கை முழுக்கச் சாயம். ஒரு சோபாய்ப்பியாவை இரண்டாகப் பிய்த்து ஊதிக்கொண்டே, நிமிராமல் கேட்டான்.

"கொடிக்குக் கவாத்து வெட்டுறது எந்த மாசம்?"

"ஜூலை" என்றாள் இஸ்மேனியா.

"ஜூலைல நான் லீவு போட்டுட்டு வரலாம்."

"பிளாட்காரன் நாளைக்கு வர்றான்னு சொன்னியே."

"வரட்டும். சோபாய்ப்பியா குடுத்து அனுப்பு."

அவள் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த உலர்ந்த கம்பளியை எடுத்து வந்து, தம்பியின் தோளில் போட்டாள். கையை எடுக்கவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் அப்படியே நின்று அழுதாள்.